நாயனம் கேட்ட காதுக்குப் பியானோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்து பியானோ இசை கேட்கிறோம். ஆறு வருடமாக நடக்கிறது. வருபவர்களில் பாதிப் பேர் திருவையாறு ஆராதனைக்கு ஒரு வருடம் கூடத் தவறாமல் போகிறவர்கள். மீதிப் பேர் சினிமாப் பாட்டில் பியானோ வரும் இடத்தில் மனசைப் பறிகொடுத்து, அதன் மூலம் எங்கே இருக்கிறது என்று தேடி வந்தவர்கள். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. அம்மா வீணை வாசிப்பார். அப்பா கோயில் திருவிழாவில் விடிய விடிய நாயனம் கேட்க என்னையும் தூக்கிக்கொண்டு போவார். என்னிடம் இருப்பது அப்படி வளர்ந்த காது மட்டும்தான். பியானோவையும் அந்தக் காதால்தான் கேட்கிறேன்.

கமகமே இல்லாத வாத்தியத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

முதல் நாளே வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி. பியானோவில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் காதுக்குச் சுத்தமாகப் படும் அந்தர காந்தாரத்தை விடப் பியானோவின் காந்தாரம் ஓர் இழை கூடுதல். தோடியை அதில் வாசிக்க முடியாது. அந்த ஆசையோடு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அம்மாவின் வீணையை நினைத்துக்கொண்டுதான் எனக்கு இது புரிந்தது. வீணையில் தந்தியை மீட்டியதும் நாதம் பிறக்கிறது, உடனே தேய ஆரம்பிக்கிறது. தேய்ந்து போவதற்குள் அம்மா இடது கை விரலால் தந்தியை இழுத்து, அசைத்து, அதிலிருந்து இன்னும் இரண்டு மூன்று ஸ்வரத்தை எடுத்துவிடுவார். ஒரு மீட்டுக்குள் ஒரு சங்கதியே முடிந்துவிடும். பியானோவிலும் தந்திதான், அதிலும் நாதம் பிறந்த கணமே தேய்கிறது. ஆனால் வாசிப்பவருக்கு அந்தத் தந்தியைத் தொடும் பாக்கியம் கிடையாது. கட்டையை அமுக்கினால் உள்ளே கம்பளி சுற்றிய சுத்தியல் ஒன்று எழும்பித் தந்தியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்கிவிடும். அதற்கப்புறம் அந்த ஸ்வரத்தை அவரால் வளர்க்கவும் முடியாது, அசைக்கவும் முடியாது. விடலாம், அல்லது பிடித்துக்கொண்டிருக்கலாம். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வாத்தியம் ஒருவர் கையில் பாடுகிறது என்றால் அது எப்படி? நல்ல கலைஞர் ஒரு நீண்ட ஸ்வரத்தை வாசித்துவிட்டு அது தேய்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ, அந்த அளவிலேயே அடுத்த ஸ்வரத்தைத் தொடங்குகிறார். இரண்டுக்கும் நடுவில் விளிம்பே தெரியாது. நம் காது அவற்றைச் சேர்த்து ஒரே மூச்சாகக் கேட்கிறது. அதே கையில் சுண்டு விரல் பாட்டைப் பலமாகவும் மற்ற விரல்கள் துணை ஸ்வரங்களை மெல்லவும் வாசிக்கும். வலது கால் பெடலை அமுக்கினால் தந்திகளின் மேல் இருக்கும் அணைப்பான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகி, தட்டாத தந்திகளும் கூட ரீங்கரிக்கும். அந்தப் பெடலை எங்கே எடுப்பது, எங்கே பாதி எடுப்பது என்பது தனி வித்தை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் பியானோ கலைஞர்களைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. விரல் ஓடுவதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு ஸ்வரம் முடியும் இடத்தைக் கேட்க ஆரம்பித்தேன். நீங்களும் அங்கே காதை வையுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன் எழுதிய 'ட்ராய்மெரை'. கனவு காண்பது என்று அர்த்தம். 1838-ல் எழுதியது. மூன்று நிமிடம்கூட ஆகாது. வகுப்பு ஆரம்பித்துச் சில வருடமே ஆன பிள்ளைகள் கூட வாசித்துவிடுவார்கள். இதில் பெரிய கலைஞரின் கை எங்கே வேறுபடுகிறது என்பதுதான் பாடம்.

இந்த உருப்படி நம் கணக்கில் 4 கட்டைச் சுருதி, மேளம் சங்கராபரணம். பாட்டு கீழ்ப் பஞ்சமத்தை லேசாகத் தொட்டுவிட்டு ஸட்ஜத்துக்கு வந்து நிற்கிறது. ஸட்ஜத்தில் நிற்கும்போதே கீழே மற்ற ஸ்வரங்கள் வந்து அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. பிறகு 'நி ஸ க ப' என்று ஏறி மேல் ஸட்ஜத்தில் போய் உட்காருகிறது. அங்கிருந்து மெல்லப் படியிறங்கி வருகிறது. மறுபடியும் அதே தொடக்கம், அதே 'நி ஸ க ப'. இப்போது மேல் ஸட்ஜம்தான் வரப்போகிறது என்று நம் காது தயாராக இருக்கும்போது, அதைத் தாண்டி மேல் காந்தாரத்துக்கே போய்விடுகிறது! முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் கடைசியாக ஒருமுறை அதே காந்தாரம் வருகிறது. இந்தத் தடவை அதன் கீழே இருக்கும் ஸ்வரக்கூட்டு வேறு. அந்த இடத்தில் 'நில்' என்று ஷூமன் குறி போட்டு வைத்திருக்கிறார். எவ்வளவு நேரம் நிற்பது என்று எழுதவில்லை. அது வாசிப்பவர் முடிவு.

பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1986 ஏப்ரல் 20-ஆம் தேதி மாஸ்கோவில் இதை வாசித்த காணொளி கிடைக்கிறது, அதைப் பாருங்கள். 1925-ல் அந்த நாட்டை விட்டுப் போனவர், 61 வருடம் கழித்துத் திரும்பி வந்து வாசிக்கிறார். வயது 82. விரல்களை வளைக்காமல் தட்டையாக வைத்து, கை எழும்பாமல் வாசிக்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தக் கடைசிக் காந்தாரத்தில் நிற்கிறார் பாருங்கள், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. கூட்டத்தில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைக் கேமரா காட்டுகிறது. எங்கள் மாடியில் இதைப் போட்டபோது, ஐம்பது வருடம் தவில் கேட்ட ஒரு பெரியவர் முடிந்ததும் எதுவும் பேசாமல் எழுந்து போய் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அந்த மாதம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

வேகமாக வாசிப்பதுதானே பெரிய திறமை?

வேகம் பிடிக்கும் என்றால் தாராளமாக ரசியுங்கள். நானும் ரசிக்கிறேன். நம் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வண்டின் ரீங்காரத்தைக் குறிக்கும் ரிம்ஸ்கி-கோர்சகோவின் உருப்படியை முதலில் ஒரு காலத்திலும் பிறகு நினைத்துப் பார்க்க முடியாத துரித காலத்திலும் வாசித்து, போட்டியையே ஜெயித்தார். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் நாலு வீட்டில் கீபோர்டு வாங்கினார்கள்.

வித்தையைக் காட்டி மயக்குவது இந்த வாத்தியத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. பாகனினி வயலினில் செய்த ஜாலத்தை 1832-ல் பாரிஸில் கேட்ட லிஸ்ட் என்ற பியானோ கலைஞர், அதைப் பியானோவில் கொண்டுவந்தே தீருவது என்று வெறியோடு சாதகம் செய்தார். இன்று மேடையில் ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து முழுக் கச்சேரி செய்கிறார் அல்லவா, அந்த வழக்கத்தை நிலைநாட்டியவரே அவர்தான். பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, மூடியைத் திறந்து வாசிக்கும் வழக்கம் பரவியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. பெண்கள் அவர் கையுறைக்கும் கைக்குட்டைக்கும் அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் தவிலில் கூட, கும்பகோணத்துக்காரர்கள் எதற்குத் தலையாட்டுவார்கள்? உருட்டிக்கொண்டே போய், நிறுத்த வேண்டிய இடத்தில் சடாரென்று நிறுத்துகிறாரே, அங்கேதான். ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ராக்மனினோவ் இதே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் உச்சிப் புள்ளி உண்டு, முழு வாசிப்பும் அதை நோக்கியே நடக்க வேண்டும், அது நழுவினால் கட்டடமே இடிந்தது மாதிரி என்பது அவர் எண்ணம். இதை மனசில் வைத்துக்கொண்டு அவருடைய மூன்றாவது கான்செர்ட்டோவை, அதாவது வாத்தியக் கூட்டத்தோடு வாசிக்கும் உருப்படியை, கேளுங்கள். ஏறக்குறைய 40 நிமிடம், இருப்பதிலேயே கடினமானவற்றில் ஒன்று. 2022-ல் அமெரிக்காவில் நடந்த வான் கிளைபர்ன் போட்டியில் 18 வயதில் ஜெயித்த கொரியப் பையன் யுன்சான் லிம் வாசித்தது இருக்கிறது. விரல்கள் ஓடுகிற ஓட்டத்தில் எங்கேயும் அவசரம் தெரியாது. காலப்பிரமாணம் கையை விட்டுப் போகாத ஓட்டம் அது.

இவ்வளவு பெரிய ஆள் தப்பாக வாசித்துவிட்டாரே?

வாசிப்பார்கள். 1965-ல் 12 வருடம் மேடையேறாமல் இருந்துவிட்டு நியூயார்க் கார்னகி ஹாலில் ஏறிய ஹோரோவிட்ஸ், முதல் உருப்படியின் ஆரம்பத்திலேயே தடுக்கினார். பதிவில் நன்றாகக் கேட்கிறது. அதற்கடுத்த ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டவர்கள் அந்தத் தடுக்கலை ஒரு குறையாகச் சொல்வதில்லை. அப்பா நாயனக் கச்சேரியில் சொல்வார்: "சீவாளி அடைச்சுக்கிட்டா வித்வான் என்ன பண்ணுவார், அப்புறம் வாசிச்சதைச் சொல்லு."

ஒரே உருப்படியை ஏன் அஞ்சு பேர் வாசித்துக் கேட்கணும்?

'எந்தரோ மகானுபாவுலு'வை எத்தனை பேர் பாடிக் கேட்டிருக்கிறீர்கள்? போதும் என்று எப்போதாவது தோன்றியதா?

க்ளென் கூல்ட் என்ற கனடாக்காரர் ஒருவரையே இரண்டு தடவை கேட்டாலும் இது விளங்கும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்': ஒரு மெல்லிய பாட்டு, அதன் அடிநாதத்தின் மேல் 30 மாற்று வடிவங்கள், கடைசியில் அதே பாட்டு மறுபடி. 1955-ல் 22 வயதில் பதிவு செய்தபோது சுமார் 38 நிமிடத்தில் முடித்தார், துள்ளிக்கொண்டு ஓடுகிறது. 1981-ல் மறுபடி பதிவு செய்தார், 51 நிமிடம். ஆரம்பப் பாட்டை அவர் வைக்கும் விதத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக ஈரத்தோடு நிற்கிறது. அடுத்த வருடமே 50 வயதில் இறந்துபோனார். எங்கள் மாடியில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் பழையதுக்கு ஓட்டு, நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாம் புதியதுக்கு ஓட்டு.

பதிவில் யாரோ முனகுவது கேட்கும். அது கூல்ட்தான். வாசிக்கும்போது பாடாமல் அவரால் இருக்க முடியாது. அப்பா செய்து கொடுத்த தாழ்வான மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் கடைசி வரை வாசித்தார்.

எழுதி வைத்ததை அப்படியே வாசிக்கிறார்கள். மனோதர்மத்துக்கு எங்கே இடம்?

எந்த ஸ்வரம் என்பது எழுதியிருக்கிறது. எவ்வளவு பலம், எவ்வளவு இடைவெளி, எந்தக் குரல் மேலே வர வேண்டும் என்பதில் பாதிக்கு மேல் எழுத முடியாதது. தீட்சிதர் கிருதியை யாரும் மாற்றிப் பாடுவதில்லை, ஆனாலும் பாடுகிறவர் யார் என்று இரண்டு வரியில் தெரிந்துவிடுகிறது அல்லவா?

தவிர, அந்தக் காலத்தில் மொசார்ட்டும் பீத்தோவனும் மேடையில் கற்பனையாக வாசித்துப் பேர் எடுத்தவர்கள். கான்செர்ட்டோவில் வாத்தியக் கூட்டம் நிறுத்திக்கொள்ள, பியானோ மட்டும் தனியாவர்த்தனம் மாதிரி வாசிக்கும் இடம் ஒன்று உண்டு, 'கடென்சா' என்பார்கள். முன்பு அது அந்த நேரத்துக் கற்பனை. இப்போது பெரும்பாலும் எழுதியதைத்தான் வாசிக்கிறார்கள். வெனிசுவேலாவில் பிறந்த காப்ரியேலா மொன்டேரோ என்ற பியானோ கலைஞரோ கூட்டத்தில் யாராவது ஒரு மெட்டைப் பாடச் சொல்லி, அதை வைத்து அங்கேயே வாசிக்கிறார். ராகம் தானம் பல்லவி கேட்டவர்கள் அவரைத் தேடிக் கேட்க வேண்டும்.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்களோடு பேண்டு வைத்திருந்தார். அவர் சேர்த்த மேற்கத்திய இசை ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. பீத்தோவன் உயிரோடு இருந்த காலத்தில் தஞ்சாவூர் அரண்மனையில் ஐரோப்பிய இசை கேட்டுக்கொண்டிருந்தது.

திருவாரூரில் 1775-ல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். கூடவே இருந்த தம்பி பாலுசுவாமி அங்கே கற்றுக்கொண்ட வயலின்தான் இன்று நம் கச்சேரிப் பக்கவாத்தியம். நோட்டுஸ்வரங்களில் 'சியாமளே மீனாக்ஷி' என்று ஒன்று. 'ஸஸ பப தத ப' என்று பாடிப் பாருங்கள். நர்சரிப் பிள்ளைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு! பிரெஞ்சு நாட்டுப் பழைய மெட்டு அது. அதே மெட்டை எடுத்து 1780-களின் தொடக்கத்தில் மொசார்ட் பியானோவுக்காக 12 மாற்று வடிவங்கள் எழுதியிருக்கிறார். ஒரு மெட்டு ஒரு பக்கம் வியன்னாவுக்கும் இன்னொரு பக்கம் திருவாரூர்க்காரர் வாய்க்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் மாடியில் ஒரு சின்னப் பெண் 'சியாமளே மீனாக்ஷி' பாடி முடித்ததும் மொசார்ட்டைப் போட்டோம். மூன்றாவது வடிவத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, மெட்டு உள்ளே ஒளிஞ்சிருக்கு" என்றாள். வேரியேஷன் என்றால் என்ன என்று அதற்கப்புறம் நான் யாருக்கும் விளக்குவதில்லை, இவள் சொன்னதையே சொல்கிறேன்.

இன்னொன்று: சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில் காலமானது 1827 பிப்ரவரி. பீத்தோவன் வியன்னாவில் காலமானது அதே வருடம் மார்ச். தியாகராஜர் பீத்தோவனை விட மூன்று வயது மூத்தவர். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

நம் காலத்தில் இளையராஜா 1986-ல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்து ஒரு இசைத்தொகுப்பைச் சமர்ப்பித்தார். பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன், பாடகர் சிக்கில் குருசரணோடு சேர்ந்து கர்நாடக உருப்படிகளைப் பியானோவோடு வழங்கி வருகிறார்.

சொனாட்டா, கான்செர்ட்டோ, ஓபஸ்... ஒன்றும் புரியவில்லையே?

சொனாட்டா என்றால் பெரும்பாலும் மூன்று நான்கு பகுதிகள் கொண்ட தனி உருப்படி. கான்செர்ட்டோ என்றால் வாத்தியக் கூட்டத்தோடு வாசிப்பது. எட்யூட் சாதகத்துக்காக எழுதியது. ஷோபான் என்ற இசையமைப்பாளரின் எட்யூடுகள் கச்சேரிக்கே வந்துவிட்டன. நாக்டர்ன் இரவுப் பாட்டு. ஓபஸ் என்பது வெளியீட்டு எண், அவ்வளவே. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், தானாக வந்துவிடும்.

யார் யாரைக் கேட்கலாம்?

பட்டியல் கொடுத்தால் யாரும் கேட்பதில்லை என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். நான்கு பேரைச் சொல்கிறேன்.

மார்த்தா ஆர்ஹெரிச். 1941-ல் ப்யூனஸ் அயர்ஸில் பிறந்தவர். 1965-ல் வார்சாவில் ஷோபான் போட்டியில் ஜெயித்தார். 1980-ல் அதே போட்டிக்கு நடுவராகப் போனவர், தனக்குப் பிடித்த போகொரெலிச் என்ற இளைஞரை இறுதிச் சுற்றுக்கு விடவில்லை என்று எழுந்து வந்துவிட்டார். வாசிப்பும் அப்படித்தான். புலி மாதிரி.

ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர். 1986-ல் சைபீரியா வழியாக மாதக்கணக்கில் பயணம் செய்து, சரியான அரங்கம் கூட இல்லாத சிற்றூர்களில் எல்லாம் வாசித்தார். கடைசிக் காலத்தில் அரங்கின் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஏட்டின் மேல் ஒரு சின்ன விளக்கு மட்டும் வைத்துக்கொள்வார். ஜனங்கள் தன்னைப் பார்க்காமல் இசையைக் கேட்கட்டும் என்று. ராத்திரிக் கோயில் மண்டபத்தில் ஒற்றை விளக்கில் நாயனம் கேட்டவர்களுக்கு அந்த இருட்டு புதிதாகத் தோன்றாது.

பவுல் விட்கென்ஸ்டைன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். அவருக்காக ராவேல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இடது கைக்கு மட்டும் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். அவருக்குப் பிறகு பலரும் அதை வாசித்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒரு கை என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

தினு லிபாட்டியைக் கடைசியாகச் சொல்கிறேன், மனசுக்கு நெருக்கமானவர் என்பதால். ருமேனியாக்காரர். ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 1950 செப்டம்பர் 16-ஆம் தேதி பிரான்ஸில் பெசான்ஸோன் என்ற ஊரில் கச்சேரி. வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியும், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று போனார். பாக், மொசார்ட், ஷூபெர்ட், அப்புறம் ஷோபானின் 14 வால்ட்ஸ்கள். பதிவு இருக்கிறது. நோயாளி வாசிப்பதாக ஓர் இடத்தில் கூடத் தோன்றாது, அவ்வளவு தெளிவு. 13 வால்ட்ஸ் முடிந்தது. பதினான்காவதை வாசிக்க உடம்பில் தெம்பு இல்லை. அதற்குப் பதிலாக பாக்கின் ஒரு சின்னப் பக்திப் பாட்டை வாசித்துவிட்டு எழுந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி போய்விட்டார். வயது 33. அந்தப் பாட்டை அவர் அதற்கு முன்பே ஒலிப்பதிவு அறையில் வாசித்த பதிவு கிடைக்கிறது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஓடிக்கொண்டே இருக்கும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி மேலே ஒரு வரி. நடுவில் ஒரு குரல் நிதானமாகப் பாடிக்கொண்டு வரும். அந்த நடுக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

போனில் கேட்டால் போதாதா?

அறிமுகத்துக்குப் போதும். ஆனால் பியானோவின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் நொடிக்கு 27.5 அதிர்வு. போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. தவிலின் தொப்பிப் பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்பது மாதிரி. ஒரு சுமாரான ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

நடுவில் கைதட்டலாமா?

இப்போதைய வழக்கப்படி, எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்டுவார்கள். மொசார்ட் காலத்தில் அப்படி இல்லை. பாரிஸில் தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்கள் தட்டினார்கள் என்று 1778-ல் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் மாடியில் "பலே" சொல்லத் தடையில்லை. ஒரு பெரியவர் தொடையில் தாளம் போடுவார். ஷோபான் வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுவார். தாளம் இழுபடுகிறது, கூடப் போக முடியவில்லை என்பார். சரியாகத்தான் சொல்கிறார். பாட்டு கொஞ்சம் முன்னே பின்னே நகரும் அந்த இழுப்புக்கு 'ருபாட்டோ' என்று பெயர்.

கேட்கும்போது தூக்கம் வருகிறதே?

வரட்டும். கச்சேரியில் தூங்காத ரசிகர் யார் இருக்கிறார்? விழித்ததும் விட்ட இடத்திலிருந்து கேளுங்கள்.

பிள்ளைக்குப் பியானோ வாங்கலாமா?

இந்த விஷயத்தில் நான் சூடுபட்டவள். பத்து வருடத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு ஒரு பழைய நிமிர்ந்த பியானோவைச் சென்னையிலிருந்து வாங்கி வந்தேன். உங்கள் ஊர் ஈரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். ஐப்பசி மழை பிடித்ததும் கட்டைகள் ஒவ்வொன்றாக உப்பி, அமுக்கினால் எழும்பவில்லை. சுருதி இறங்கிக்கொண்டே போனது. 220-க்கு மேல் தந்திகள், எல்லாம் சேர்ந்து டன் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். ஒலிப்பலகை மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கினால் சுருதி எப்படி நிற்கும்? வருடத்துக்கு இரண்டு தடவையாவது சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும், அவர் வெளியூரிலிருந்து வர வேண்டும். மூன்றாவது வருடம் கொடுத்துவிட்டேன்.

டெல்டாவில் இருப்பவர்கள் 88 கட்டை உள்ள, கட்டைக்குக் கனம் கொடுத்திருக்கும் டிஜிட்டல் பியானோ வாங்குவது நல்லது. 61 கட்டைக் கீபோர்டில் ஆரம்பிக்கலாம், ஆனால் கனமில்லாத கட்டையில் பழகிய விரலுக்கு மெல்ல வாசிப்பதும் பலமாக வாசிப்பதும் ஒன்றுதான். மெல்லவும் பலமாகவும் வாசிக்க முடிவதற்காகத்தானே 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸில் கிறிஸ்தோஃபோரி இந்த வாத்தியத்தையே செய்தார்! 'பியானோ' என்றால் மெல்ல, 'ஃபோர்ட்டே' என்றால் பலமாக. முழுப் பெயர் இரண்டும் சேர்ந்தது.

நேரில் கேட்க எங்கே போவது?

நம் பக்கத்தில் அரிது. சென்னைதான். 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல், ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரி இடங்களில் என்ன நிகழ்ச்சி என்று கேட்டு வையுங்கள். ஒரு தடவையாவது நேரில் கேளுங்கள். மூடி திறந்த பெரிய பியானோவிலிருந்து தாழ்ந்த ஸ்வரம் வரும்போது தரை வழியாகக் காலில் ஏறும். அதை எந்த ஹெட்போனும் தராது.

அடுத்த மாதம் மாடியில் என்ன?

ஷூபெர்ட்டின் கடைசிப் பியானோ சொனாட்டா, பி பிளாட். 1828 செப்டம்பரில் எழுதி முடித்தார். நவம்பரில் இறந்துபோனார், வயது 31. ரிக்டர் வாசித்ததைப் போடப் போகிறோம். முதல் பகுதியை மட்டும் 20 நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறார். ஆகவே காபியை முன்னாலேயே குடித்துவிடலாம்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அமைதியான பாட்டு ஒன்று தொடங்கும், ஒரு வரி முடிந்து நிற்கும். அங்கே, எங்கேயோ அடியில், மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் மெல்ல உருளும். தூரத்தில் இடி மாதிரி இருக்கும். உருண்டு நின்றுவிடும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அதே பாட்டு திரும்ப வரும். அந்த உருட்டல் காதில் விழ வேண்டும், அதனால் மின்விசிறி ஓடாது. விசிறி மட்டை கொண்டு வாருங்கள், ஆனால் அந்த இடம் வரும்போது கையை நிறுத்திக்கொள்ளுங்கள்.